பிளேட்டைத் திருப்புகிற நேரம்

1

பெரிய வெள்ளம் வந்து ரயில் தண்டவாளமெல்லாம் தண்ணீருக்குள் போயிற்றே, அது வடிந்த பிறகு வந்த சித்திரையில் தொடங்கி மறு சித்திரையில் முடிந்த விஷயம் இது. கடல் தாண்டி ஊரில் இருக்கிற உங்களுக்கு அந்த வெள்ளம் தெரிந்திருக்காது. மலாக்காவில் கொஞ்சம் வயதானவர் யாரைக் கேட்டாலும் வெள்ளத்துக்கு முன்னே, வெள்ளத்துக்குப் பின்னே என்றுதான் கணக்குச் சொல்வார்கள். எங்கள் ரப்பர் தோட்டம் ரெம்பியா பக்கம், மேட்டு நிலம். அதனால் தண்ணீர் வரவில்லை. ஆனால் அரிசி லோரியும் வரவில்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்தும் சுட்டும் தின்று தின்று, இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். சரி, அது வேறு கதை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகன் வீரப்பன் எழுதுகிறார். நான் பேசுகிறபடியே போட்டால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அவரே திருத்திக்கொள்கிறார். நல்ல தமிழ் எங்காவது தென்பட்டால் அது அவருடையது. கதையில் அவரும் வருவார், அவருடைய அப்பாவும் வருவார். அப்பா பெயர் சடையன். என் தங்கையைக் கட்டியவன், எனக்கு மச்சான். மருமகன் 'அவர்' என்று எழுதப் போனார். 'அவன்' என்றே எழுதச் சொல்லிவிட்டேன். மச்சானுக்கு மரியாதை கொடுத்தால் சண்டை என்று அர்த்தம். சண்டை நடந்த காலத்தில் கொடுத்தாயிற்று. போதும்.

2

இப்போது நாங்கள் இருப்பது மலாக்கா டவுனில், தெங்கேராவில், ஒரு சைக்கிள் கடைக்குப் பின்கட்டில். கடை ஒரு பாபா தவுக்கேயுடையது; முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். சீனர்தான், ஆனால் வீட்டில் மலாய் பேசுவார். மருமகன் அங்கே வேலை. நான் காலையில் பசாருக்குப் போய் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு, கடை வாசலில் உட்கார்ந்து பழைய திருகாணிகளைப் பெரிது, சின்னது என்று டின்னில் பிரித்துப் போடுவேன். அப்படிப் பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்தால் சோறு இறங்காது.

தவுக்கே போன மாதம் ரேடியோ ஒன்று வாங்கினார். அதைக் கேட்க கவர்மெண்டில் லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம். நாய்க்கு லைசென்ஸ் கேட்டிருக்கிறேன், சைக்கிளுக்குக் கேட்டிருக்கிறேன். காதால் கேட்கிறதற்கும் லைசென்ஸ் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு, தன் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். ஊதுபத்திப் புகை சாமிக்குப் பாதி, லைசென்ஸுக்குப் பாதி.

போன வாரம் ஒரு சாயங்காலம். ரேடியோ கொரகொர என்று கிடந்தது. நான் திருகாணி பிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கதவை இரண்டு தரம் குத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றுமில்லை. மறுபடி அதே குத்து. அதற்குப் பிறகு நூறு பிடில் ஒன்றாகச் சுழன்றது பாருங்கள், என் டின் கவிழ்ந்துவிட்டது. நான் கவிழ்க்கவில்லை, கால் கவிழ்த்தது.

"அதோ... அம்மா, இங்க வா. தாத்தா ஜோகெட் ஆடுது லா," என்றாள் பேத்தி கனகா. ஜோகெட் என்றால் மலாய்க்காரர் ஆட்டம். இந்தக் குழந்தைக்குத் தெரிந்த ஆட்டம் அது ஒன்றுதான். தவுக்கே வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி, தூக்கத்தில் மலாய் உளறுகிறாள். சிங்கப்பூரில் இருக்கிற என் மகன் தீபாவளிக்கு வந்தபோது வெள்ளைக்காரர் ஆட்டம் என்று ஒன்று காட்டினான். ஒரு நாற்காலியைப் பெண்ணாகப் பாவித்துப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் நாலு பக்கமும் நடந்தான். எங்கேடா ஆட்டம் என்றேன். இதுதான் என்றான். நாற்காலி பாவம்.

"இது ஜோகெட் இல்ல, ஒயில்," என்றேன் கனகாவிடம்.

"ஒயில்னா?"

பதில் சொல்ல நேரமில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு இடத்துக்கு வந்தது. எனக்குத் தெரிந்த இடம். நான் இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முந்தியதை முதலில் சொன்னால்தான் அது விளங்கும்.

3

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒயிலாட்டம் என் பொறுப்பு. எட்டுப் பேர், வரிசையாக நின்று, கையில் துணி பிடித்து ஆடுவது. தப்பு அடிப்பது சடையன். அவன் இடது கைக்காரன், ஓங்கி ஒரு அடி விட்டால் ரப்பர் பால் கொட்டகைத் தகரம் அதிரும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் முன்னால் ஆடும்போது, முடிப்பு அடி விழாமல் யாரும் வரிசையைக் கலைக்கக்கூடாது. அடி நடுவில் நின்றால், எந்தக் கால் மேலே இருக்கிறதோ அது மேலேயே இருக்க வேண்டும். முடிப்பு விழுந்த பிறகுதான் இரண்டு காலும் பூமிக்குச் சொந்தம்.

வெள்ளம் வடிந்த அந்தச் சித்திரையில் சடையனுக்கு என்ன குஷியோ, கடைசிக் கட்டத்தில் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனான். ஆட்டத்துக்கு நடுவில் நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இன்னும் ஏற்றினான். நான் வழுக்கி, வலது கணுக்கால் மடங்கி, கங்காணி சம்சாரத்தின் மடியில் போய் விழுந்தேன். அந்த அம்மாள் கையில் பானகச் சொம்பு வேறு.

எழுந்து நின்று, "கைய அடக்கு மச்சான்னு ஜாடை காட்டுனேன்ல?" என்றேன்.

"கால் கெழடாயிருச்சுன்னு சொல்லு. என் கையை ஏன் சொல்ற?" என்றான்.

இவ்வளவுதான் சண்டை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில். என் மகள் வள்ளியை அவன் மகன் வீரப்பனுக்குக் கொடுப்பதாக, அவள் பிறந்ததிலிருந்து பேச்சு. அறுவடை மாதிரி நிச்சயமான விஷயம். மறுநாள் நான் "வாங்க, போங்க" என்று அவனிடம் பேசினேன். அவனும் "நீங்க சொன்னாச் சரிங்க" என்றான். என் தங்கை அழுதாள். கல்யாணப் பேச்சு அப்படியே நின்றது. ஆறேழு மாதம் போனதும், பாயா ரும்புட் பக்கம் சடையன் பெண் பார்க்கிறான், சித்திரைத் திருவிழா முடிந்ததும் அவர்கள் வந்து கை நனைத்து நிச்சயம் பண்ணப் போகிறார்கள் என்று செய்தி வந்தது.

வள்ளி அன்றைக்குக் கஞ்சி கொண்டு வந்தாள். கஞ்சியை வைத்துவிட்டு, "நீங்களும் மாமாவும் வேகமா மெதுவான்னு சண்ட போட்டு முடிங்கப்பா. அதுக்குள்ள நாங்க மெதுவா கெழவன் கெழவி ஆயிடுறோம். அவரு பாயா ரும்புட்ல, நான் இங்க," என்றாள்.

இந்த இடத்தில் மருமகன் பேனாவை நிறுத்திவிட்டார். எழுதுங்கள் என்று அதட்டியிருக்கிறேன்.

4

கணுக்கால் வீங்கி, டிரசர் ஐயாவிடம் போனேன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் எல்லாம். யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரர், நல்ல மனுஷன். அவர் கை பட்டால் வலி பாதி போகும், அவர் மருந்து குடித்தால் மீதி வலி திரும்ப வரும். தன் பங்களாவில் வைத்துக் கட்டுப் போட்டார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் வாங்கிய கிராமபோன் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பாட்டுங்க ஐயா இது?"

"ஜெர்மன்காரன் ஒருத்தன் செய்தது. அஞ்சு பிளேட்டு. எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டு."

"அஞ்சு பிளேட்டுக்கு ஒரே பாட்டா? கூத்துகூட விடிஞ்சா முடிஞ்சிரும்லா."

நாலு பிளேட்டு வரைக்கும் நான் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மை. கடைசி பிளேட்டு போட்டார். அந்த இரண்டு குத்து. அப்புறம் சுழல். எப்படிச் சொல்வேன்? ரப்பர் ஷீட் உருட்டுகிற மிஷின் இருக்கிறதே, ஒருத்தன் சக்கரத்தைச் சுற்ற, அது வேகம் பிடித்துவிட்டால் அப்புறம் அதுவே அவனைச் சுற்றும். அப்படி ஒரு ஓட்டம். அடி விழுகிற இடம் இன்னும் பெரிய வேடிக்கை. கால் பூமியில் படுகிற இடத்தில் விழாமல், அதற்குப் பிறகு, கால் எழும்புகிற இடத்தில் விழுகிறது. உட்காருகிறவனைப் பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி. ஒயிலில் எங்களுக்குத் துணி வீசுகிற இடம் அதுதான். ஏதோ ஜெர்மன்காரன் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

"காலை ஆட்டாதையும் பெருமாள். கட்டு அவிழப் போகுது."

"நான் ஆட்டலிங்க. அதுவா ஆடுது."

"உது ஆடுற பாட்டில்லை. இருந்து கேக்கிற பாட்டு."

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் எட்டிப் பார்த்தார். "நீங்கள் மட்டும் என்னவாம்? கதிரையிலை இருந்தபடி தோளை ஆட்டிறியள்."

டிரசர் ஐயா தன் தோளைப் பார்த்துக்கொண்டார். பிறகு பிளேட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தார். அன்றைக்கு என் காலுக்குக் கட்டுப் போட ரொம்ப நேரமாயிற்று.

கால் ஆறின பிறகும் வலிக்கிறது என்று போய்க்கொண்டிருந்தேன். எந்தக் கால் என்று ஒரு நாள் கேட்டார். தவறிப்போய் இடது காலைக் காட்டிவிட்டேன். அவர் சிரிக்காமல் அதற்கும் கொஞ்சம் தைலம் தடவினார்.

5

திருவிழா நெருங்கியது. சடையன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான்: "அம்மனுக்கு அடிப்பேன். அந்த ஒயில் கூட்டத்துக்கு அடிக்க மாட்டேன்." அவனோடு அடிக்கிற மற்ற இரண்டு பேரும் அவன் பக்கம். தப்பு இல்லாமல் ஒயில் இல்லை. ஒயில் இல்லையென்றால் நான் தோற்றேன் என்று ஆகும். தோற்றவன் பெண்ணை எடுங்க என்று ஜெயித்தவன் வீட்டில் நான் எப்படிப் போய்க் கேட்பேன்?

அப்போதுதான் புத்தி போயிற்று. நேரே டிரசர் ஐயாவிடம் போய், கடைசி பிளேட்டுக்கு ஆடுகிறோம் என்றேன். "சரி, ஆனால் ஒரு கீறல் விழக்கூடாது," என்றார். எதில் என்று கேட்கவில்லை. பிளேட்டைத்தான் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களா முற்றத்தில் பழகினோம். அவர் சம்சாரம் இஞ்சி தட்டிப் போட்ட காப்பி கொடுப்பார். அந்தப் பாட்டு ஒரு பிளேட்டின் இரண்டு பக்கத்திலும் இருந்தது. முதல் பக்கம் முடிந்ததும் டிரசர் ஐயா ஊசி மாற்றி, சாவி கொடுத்து, பிளேட்டைத் திருப்புவார். நாங்கள் வியர்வை துடைத்து, காப்பி குடித்து, யார் தப்பாகக் கால் வைத்தான் என்று ஏசிக்கொள்வோம். அப்புறம் இரண்டாவது பக்கம். நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. எட்டுப் பேர் மண்டையில் ஒருத்தன் மண்டைக்காவது எட்டியிருக்க வேண்டாமா? எட்டவில்லை. டிரசர் ஐயா படித்தவர், அவருக்கும் எட்டவில்லை. காப்பி அவ்வளவு நன்றாக இருந்தது.

திறந்த வெளியில் கிராமபோன் சத்தம் கேட்காது என்று பால் கொட்டகையில் ஆட்டம் வைத்தோம். சிமெண்டுத் தரை, தகரக் கூரை. சலங்கை கட்டினால் பாட்டு அமுங்கிவிடும் என்று கழற்றச் சொன்னார் டிரசர் ஐயா. என் ஆயுசில் சலங்கை இல்லாமல் அம்மன் முன்னால் ஆடியது அந்த ஒரு தடவைதான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மனைத் தூக்கி வந்து கொட்டகை வாசலில் இறக்கியிருந்தார்கள். தோட்டமே நின்றது. பாயா ரும்புட்காரர்கள் நாலு பேர் வெள்ளை வேட்டியோடு, கங்காணிக்குப் பக்கத்தில். சடையன் வெளியே, நெருப்பு மூட்டிய இடத்தில், தப்பைக் காய்ச்சிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

இரண்டு குத்து. ஆடினோம். சிரித்துக்கொண்டு வந்தவர்கள் சிரிப்பை விட்டுவிட்டார்கள். பதினாறு கால் வெறும் சிமெண்டில் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழும்பியது. கிழவிகள் கை தட்டினார்கள். வேகம் ஏறியது. நானும் ஏறினேன். இடது கால் மேலே, துணி மேலே.

பாட்டு நின்றுவிட்டது.

முதல் பக்கம் முடிந்துபோயிற்று. ஊசி கரகரவென்று வெறுமனே ஓடியது. முடிப்பு விழவில்லை. அம்மன் எதிரே. நாங்கள் எட்டுப் பேரும் ஒற்றைக் காலில் நின்றோம், குளத்துக் கொக்குகள் மாதிரி. டிரசர் ஐயா பதறிப்போய் ஊசிப் பெட்டியைத் திறந்தார். ஊசிகள் தரையெல்லாம் கொட்டிவிட்டன. கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. எனக்குக் கீழே இருந்தது வலது கால், போன வருஷம் மடங்கிய அதே கால். அது நடுங்க ஆரம்பித்தது. இரண்டாம் தடவையும் அம்மன் முன்னால் விழுந்தால் அப்புறம் என்ன பேச்சு இருக்கிறது? வள்ளி கூட்டத்தில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே இரண்டு அடி விழுந்தது.

தப்பில். அதே இரண்டு குத்து. ஒரு மூச்சு. மறுபடி இரண்டு. அப்புறம் கால் எழும்புகிற இடத்தில் அடியை வைத்து, அந்தப் பிளேட்டு விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டு, சடையன் எழுந்து கொட்டகைக்குள் வந்தான். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். எங்கள் கால்கள் இறங்கின. ஆட்டம் திரும்ப ஓடியது.

டிரசர் ஐயா எப்படியோ ஊசி மாட்டி இரண்டாவது பக்கத்தை வைத்தார். பாட்டும் தப்பும் கொஞ்ச தூரம் இரட்டை மாட்டு வண்டி மாதிரி சேர்ந்தே போயின. ஆனால் அவசரத்தில் சாவி சரியாகக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பெரிய பிடில்கள் மாவாட்டுகிற மாதிரி அடியில் அரைத்து அரைத்து ஏறுகிற ஒரு கட்டம் வரும். அங்கே கிராமபோன் தொய்ந்தது. எருமை முனகுகிற மாதிரி முனகி, படுத்துவிட்டது. சடையன் படுக்கவில்லை. ஜெர்மன்காரன் பாக்கி வைத்ததை எல்லாம் அவனே அடித்து முடித்தான்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் அவன் வேகத்தை ஒரு துளி குறைத்தான். ஒரு துளிதான். என் வலது காலுக்குத் தெரியும். இன்றைக்குக் கேட்டாலும் இல்லை என்பான்.

ஓங்கி முடிப்பு அடி அடித்தான். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். பழைய பயமோ என்னவோ, நான் மட்டும் இன்னும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன்.

"முடிஞ்சிருச்சு மச்சான். காலக் கீழ வை," என்றான்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு மச்சான் என்றான். நான் காலை வைத்தேன். கங்காணி பாயா ரும்புட்காரர்களிடம் என்னவோ குனிந்து சொன்னார். அவர்கள் நல்ல மனுஷர்கள், சம்பந்தப் பேச்சை விட்டுவிட்டு, கோயில் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வைகாசியில் கல்யாணம். டிரசர் ஐயா கிராமபோன் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று இரண்டு சம்பந்திகளும் ஒரே குரலில் சொன்னோம்.

6

அதற்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. வேலையில்லை என்று ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சடையனும் என் தங்கையும் அப்படித் துறையூர்ப் பக்கம் போனவர்கள்தான். போகிறதற்கு முன்னால் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி தொழில் என்ன என்று கேட்டார். "பால்மரம் வெட்டுறது," என்றான். "வேற?" "தப்பு அடிப்பேன்." கிராணி முதலில் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார். நாங்கள் மகள் மருமகனோடு தெங்கேரா வந்தோம்.

இப்போது ரேடியோவுக்கு வருகிறேன். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது, இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன் என்றேன் அல்லவா? முதல் பக்கம் முடிகிற இடம் அது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று நின்றேன்.

நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. அப்படி ஒரு இடமே அதில் இல்லாத மாதிரி, ஒரே மூச்சில் கடைசி வரைக்கும் போய் முடிந்தது. தவுக்கேயைக் கேட்டேன். இது பிளேட்டு இல்லை, சீமையில் ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கிறது நேரே வருகிறது என்றார். அப்புறம் என் காலைப் பார்த்து, "துடோக், துடோக்," என்று ஸ்டூலைத் தள்ளினார். உட்கார் என்று அர்த்தம். கிழவனுக்குக் காலில் பிடிப்பு என்று நினைத்துவிட்டார்.

இந்தப் பாட்டை நடுவில் நிற்காமல் முடிவு வரைக்கும் நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேட்டேன். சடையன் அடித்ததுபோல அவ்வளவு நன்றாக இல்லை. இன்னொன்று, அந்தச் சீமைக்காரர்கள் ஓட்டிய வேகம், முதல் வருஷம் என்னை விழ வைத்தானே, அந்த வேகம். இதை மட்டும் யாரும் அவனிடம் சொல்ல வேண்டாம்.

சொல்ல வேண்டியது வேறு. துறையூர்ப் பக்கம் திருவிழாக்களில் இடது கையால் ஓங்கித் தப்பு அடிக்கிற ஒரு சடையனை உங்களில் யாராவது பார்த்தால், ஒரு உதவி. கடிதத்தில் எழுதினால் யாராவது படித்துச் சொல்வார்கள், "சரி" என்பான், அவ்வளவுதான். நேரில் போங்கள். அவன் முன்னால் நின்று இடது காலைத் தூக்கி, கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். கிறுக்கு என்று பார்ப்பான். நின்றுகொண்டே இருங்கள். அவன் கை பக்கத்தில் எங்காவது குச்சியைத் தேடும். அப்போது சொல்லுங்கள்: தெங்கேராவில் உன் மச்சான் இன்னும் காலைக் கீழே வைக்கவில்லை.